சொல்லி அனுப்பறோமுங்க

எங்க ஊர் பைபாஸ் ரோட்டுல பெட்ஷீட்டும் துண்டும் தெச்சு வெளிநாட்டுக்கு அனுப்பற ஒரு கம்பெனி இருக்குதுங்க. பேரு வேண்டாம், பேரைச் சொன்னா நாளைக்கே என்ற கடை வாசல்ல லோடு வண்டியைக் கொண்டாந்து குறுக்கால நிறுத்திப் போடுவாங்க. அந்தக் கம்பெனிக்கு எதுத்தாப்பல ஜெராக்ஸ் கடை வெச்சு, வேலை தேடி வர்ற புள்ளைங்களுக்கு பயோடேட்டா அடிச்சுக் குடுத்துப் பொழைக்கறவ நானு. எந்தப் புள்ளை என்ன படிச்சிருக்குது, தெரியும்னு எழுதச் சொல்றதுல எதெல்லாம் நெசமாத் தெரியும்ங்கறது எனக்கு அத்துப்படி. அந்தக் கம்பெனிக்கு கோகிலவாணி இன்டர்வியூவுக்குப் போயி, முடிச்சு வீட்டுக்கும் வந்துட்டு, அங்கயே உக்காந்தும் இருந்த கதையைத்தான் இப்பச் சொல்லப் போறேன். நம்பறவங்க நம்புங்க, நம்பாதவங்க டீயைக் குடிச்சுட்டுக் கிளம்புங்க.

முதல்ல அந்த முதலாளியைப் பத்தி ஒண்ணு சொல்லிப்போடணும். வியாபாரம் நடக்கற எடத்துல 'இல்லை'ங்கற வார்த்தை வரக் கூடாதுன்னு மளிகைக் கடைக்காரங்க பாப்பாங்களே, உப்பு தீந்து போனாக்கூட 'நாளைக்கு வருமுங்க'ம்பாங்களே, அந்தப் பழக்கம் இவருக்கு அப்பாகிட்ட இருந்து வந்துச்சு. ஆனா இவரு அதைக் கல்லாப்பெட்டியோட நிறுத்தாம, கேட்டுல ஆரம்பிச்சு கக்கூஸ் வரைக்கும் சட்டமாக்கிப் போட்டாரு. குழாய் காஞ்சு கெடந்தா 'தண்ணி வந்துட்டிருக்குது'ன்னு சொல்லணும், ஊசி தீந்து போனா 'ஊசி வாங்கணும்'னு சொல்லணும், லீவு கேட்டா 'பாக்கலாம்'னு சொல்லணும். வரலை, போகலைன்னு வார்த்தைக்கு வாலாட்டம் ஒட்டிக்கிட்டு வர்ற 'லை'யை மட்டும் பெரிய மனசு பண்ணி மன்னிச்சுட்டாரு. தனியா நிக்கற 'இல்லை'யோ, கேட்டு வந்த ஆளைத் திருப்பி அனுப்பற 'கெடையாது', 'வேண்டாம்' மாதிரி அதோட பங்காளியோ ஒரு தடவை அந்தக் கட்டடத்துக்குள்ள கேட்டுச்சுன்னா, பூஜை ரூம்ல உக்காந்திருக்கற லட்சுமி எந்திரிச்சுப் போயிருவாங்கங்கறது அவரு முடிவு. எனக்கென்ன, என்ற கடை ரோட்டுக்கு இந்தப் பக்கம், நான் காலையில இருந்து பேப்பர் இல்லை, இங்க் இல்லை, சில்லறை இல்லைன்னு கத்திக்கிட்டுத்தான் கெடக்கேன், கடையும் நடக்குது.

அதனால அங்க இன்டர்வியூக்குப் போற யாருக்குமே வேலை கெடையாதுன்னு சொன்னதில்லை. எச்.ஆர். மேனேஜர் தண்டபாணி நல்ல மனுசன், வாயில பாதி வார்த்தையை வெச்சுக்கிட்டு மீதியை முழுங்கற சாதி. வேண்டாத ஆளா இருந்தா ஃபைலை மூடி, மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு, "சொல்லி அனுப்பறோமுங்க"ம்பாரு. யாரையும் அனுப்ப மாட்டாரு, எதையும் சொல்ல மாட்டாரு. வந்த புள்ளைங்க செல்போனைக் கையில வெச்சுக்கிட்டே சோறு உண்டு, செல்போனைத் தலமாட்டுல வெச்சுக்கிட்டே தூங்கும்.

கோகிலவாணி டெக்ஸ்டைல் படிச்சவ. கல்யாணத்துக்கு முன்னால திருப்பூர்ல மெர்ச்சன்டைசரா இருந்தவ, அதாவது வெளிநாட்டுக்காரன்கிட்டப் பேசி, அவன் கேட்ட நெறம், கேட்ட கனம், கேட்ட தேதின்னு ஆர்டரை முடிச்சுக் கப்பல் ஏத்தற வேலை. வீட்டுக்காரர் லோகநாதன் காலேஜ் பஸ் ஓட்டறவரு. கிளிப்பச்சை சுடிதாரும் மடியில ஃபைலுமா அன்னிக்கு அவ உள்ள போனா, துண்டு சுருங்கறதுல இருந்து சாயம் விடறது வரைக்கும் தண்டபாணி கேட்டதுக்கெல்லாம் டக்கு டக்குன்னு பதில் சொன்னா, மனுசன் தலையைத் தலையை ஆட்டிட்டுக் கடைசியா, "வீட்ல விசேஷம் ஏதாச்சுமுங்களா?"ன்னு கேட்டாரு. விசேஷம்னா காதுகுத்து, சீருன்னு நெனைச்சுக்காதீங்க. வயித்துல இருக்குதா, இனிமேத்தான் வருமா, வந்தா எத்தனை மாசம் லீவு போடுவேங்கற அத்தனையும் அந்த ஒரு வார்த்தைக்குள்ள மடிச்சு வெச்சிருக்குது.

"அதுக்கும் இந்த வேலைக்கும் என்னங்க சம்பந்தம்?"ன்னா கோகிலவாணி.

தண்டபாணி ஃபைலை மூடினாரு, கண்ணாடியைத் துடைச்சாரு. "சொல்லி அனுப்பறோமுங்க."

அவ எந்திரிச்சு வெளிய வந்து, ரோட்டைத் தாண்டி என்ற கடைக்கு வந்து, குடத்துல இருந்து ஒரு சொம்பு தண்ணி மொண்டு குடிச்சா. "சொல்லி அனுப்பறாங்களாமுங்க்கா"ன்னா. அவ சொம்பைக் கீழ வெக்கல, அதுக்குள்ள கேட்டுல இருக்கற வாட்ச்மேன் அங்கமுத்து அண்ணன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு, "ஏம்புள்ளை, நீ வெளிய வந்தியா, உள்ள இருக்கியா? எனக்குக் கணக்கு உதைக்குது"ன்னு சத்தம் போட்டாரு. நாங்க ரெண்டு பேரும் போய்க் கண்ணாடி வழியாப் பாத்தா, தண்டபாணி மேசைக்கு முன்னால அதே நாற்காலியில, அதே கிளிப்பச்சையில, ஃபைலை மடியில வெச்சுக்கிட்டு நிமுந்து உக்காந்திருக்கா கோகிலவாணி. என்ற பக்கத்துல நின்ன கோகிலவாணி கொஞ்ச நேரம் உத்துப் பாத்தா. "துப்பட்டாவை இப்படியா கோணலாப் போட்டிருந்தேன், சொல்லக் கூடாதுங்களாக்கா"ன்னா.

உள்ள தண்டபாணி என்ன பண்ணினாருன்னு கேக்கறீங்களா? அடுத்த ஆளுக்கு இன்னொரு நாற்காலி கொண்டாரச் சொன்னாரு.

அப்புறம் சொல்லி அனுப்பறோம்னு கேட்டவங்க அத்தனை பேரும் ஆளுக்கு ஒருத்தரா வீட்டுக்குப் போனாங்க, ஆளுக்கு ஒருத்தரா அங்கயே உக்காந்தாங்க. அக்கவுன்டன்ட் வேலைக்கு வந்தவன் உக்காந்தான், டிரைவர் வேலைக்கு வந்தவரு உக்காந்தாரு, கம்ப்யூட்டர்ல டிசைன் போடறேன்னு வந்த பொண்ணு உக்காந்துச்சு. ரூம் பத்தாம வராந்தாவுல போட்டு, வராந்தா பத்தாம எல்லாரையும் நாற்காலியோட மாடி ஹாலுக்கு மாத்தி, கல்யாணத்துக்குப் பந்தல் போடறவங்ககிட்ட செகப்பு பிளாஸ்டிக் நாற்காலியை வண்டி வண்டியா வாடகைக்கு எடுத்தாங்க. அவங்க சாப்பாடு கேக்கலை, தண்ணி கேக்கலை, டீ குடுத்தா மட்டும் குடிச்சாங்க. செல்போன் அடிச்சா ஒட்டுக்கா எல்லாரும் தலையைத் தூக்கிப் பாத்துட்டு ஒட்டுக்காக் குனிஞ்சுக்கிட்டாங்க. ஊருக்கு இது பழகறதுக்கு ரெண்டு வாரச் சந்தை கூட ஆகலை. அம்மாமாருங்க பொழுதோட வந்து, மாடியேறி, "தலைக்கு எண்ணெய் வெச்சு எத்தனை நாளாச்சு பாரு"ன்னு சொல்லித் தேங்காயெண்ணெய் தடவி சடை பின்னி விட்டுட்டுப் போனாங்க. பொண்ணு பாக்கற எடத்துல, "மாப்பிள்ளை என்ன பண்றாருங்க?"ன்னா, "கம்பெனியில உக்காந்திருக்காருங்க"ன்னு சொல்லி, அதைப் பாதி வேலைன்னு எடுத்துக்கிட்டு நிச்சயம் பண்ணினவங்க இருக்காங்க. வெளிநாட்டுக்காரன் வந்து பாத்து, "இத்தனை ஸ்டாஃப்பா!"ன்னு வாயைப் பொளந்து ஆர்டரைக் கூட்டிக் குடுத்துட்டுப் போனான். முதலாளிக்குக் கால் தரையில பாவலை.

சும்மா உக்காந்திருக்கற ஆளைப் பாத்தா சூப்பர்வைசருங்களுக்குக் கை அரிக்குமே. ஒருநாள் ஒருத்தர் வந்து, "வேலை தெரியுமான்னு பாக்கறோமுங்க, சும்மா ஒரு டிரையல்தான்"னு சொல்லி, ஆளுக்கொரு சின்னக் கத்தரியைக் குடுத்து, துண்டுகளை மடியில போட்டுட்டுப் போனாரு. ஓரத்துல நீட்டிக்கிட்டு இருக்கற நூல் பிசிறை வெட்டற வேலை. அவங்களும் வெட்டினாங்க. காலையிலயும் வெட்டினாங்க, மத்தியானமும் வெட்டினாங்க, எல்லாரும் ஷிஃப்ட் முடிஞ்சு போன பின்னாலயும் வெட்டினாங்க. அந்த டிரையல் முடியவே முடியலை. சம்பளமான்னு யாரோ கேட்டதுக்கு, "வேலைக்கு எடுத்தாத்தானுங்க சம்பளம்?"னாரு தண்டபாணி.

சரி, வீட்டுக்குப் போன மீதி என்னாச்சு? அதைத்தான் யாரும் கேக்கலை. கோகிலவாணி உப்புப் போட்டமா போடலையான்னு தெரியாம ரசத்தை எறக்கி வெப்பா, பேசிக்கிட்டே இருக்கும்போது பாதியில நிறுத்திப் போனைப் பாப்பா. லோகநாதன் என்கிட்ட வந்து, "அக்கா, அவ சிரிச்சாக்கூட பாதிதான் சிரிக்கறா"ன்னு கண்ணைத் தொடைச்சாரு. ரேஷன் கடையில மெசின் மேல விரலை வெச்சா ரேகை பாதிதான் விழுந்துச்சாம், "மீதியை எங்கம்மிணி வெச்சே, ரெண்டும் விழுந்தாத்தான் அரிசி"ன்னுட்டாரு கடைக்காரரு.

அப்புறந்தான் ஆடி மாசம் பொறந்ததும் ஈரோடு ரோட்டுல இருக்கற இன்னொரு கம்பெனியில இவளைக் கூப்பிட்டாங்க. அங்க ஜெசிந்தான்னு ஒரு மேடம். அந்தம்மா விசேஷம் கிசேஷம்னு எதுவும் கேக்கலை, பழைய கம்பெனியில எந்த ஆர்டர் கஷ்டமா இருந்துச்சு, அதை எப்படி முடிச்சேன்னு மட்டும் கேட்டு, முடிஞ்சதும் அங்கயே, "உங்களை எடுத்துக்கறோம்"னு சொல்லிட்டாங்க. கோகிலவாணி அழுதுட்டா. ஆனா வருகைப் பதிவு மெசின்ல விரலை வெச்சா அது சிவப்பு விளக்கைக் காட்டி, இந்த ஆள் வேற எடத்துல இருக்காருன்னுச்சு.

ஜெசிந்தா மேடம் அதுக்கு ஆச்சரியப்படலை. "இந்த ஊர்ல இப்ப நெறைய பேரு இப்படித்தான் வர்றாங்க. பாதி ஆளைச் சேத்துக்கிட்டா எனக்கு ஆடிட்ல தொந்தரவு. மீதியைக் கூட்டிட்டு வந்துருங்க. ஆடி முடியற வரைக்கும் உங்க சீட்டு உங்களுக்குத்தான். ஆவணி பொறந்துட்டா நான் வேற ஆளைப் பாத்தாகணும், தப்பா எடுத்துக்காதீங்க"ன்னாங்க. அதுல தப்பா எடுத்துக்க என்ன இருக்குது, முகத்துக்கு நேரா சொன்னாங்களே.

கோகிலவாணி என்னையும் கூட்டிக்கிட்டுக் கம்பெனி மாடி ஹாலுக்குப் போனா. உக்காந்திருக்கறவ முன்னால போய் நின்னு, "எந்திரி, போலாம்"னா.

"சொல்லி அனுப்பறோம்னாங்களே"ன்னா உக்காந்திருந்தவ, பிசிறை வெட்டிக்கிட்டே.

"அவங்க சொல்ல மாட்டாங்க. எனக்கு வேற வேலை கெடைச்சிருக்குது. நல்ல வேலை. நீ வந்தாத்தான் சேத்துக்குவாங்க."

"வேண்டாம்னாவது சொல்லட்டும், வர்றேன். கேட்டதுக்கெல்லாம் எவ்வளவு நல்லாப் பதில் சொன்னேன், உனக்கே தெரியுமே. அதுக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் என்ன தெருவுல போறவளா?"

நான் ரெண்டு பேரு கையையும் புடிச்சுக்கிட்டு, தண்டபாணியை அங்கயே கூப்பிட்டேன். மனுசன் வந்து நின்னு, "அம்மிணிக்கு நல்ல எதிர்காலம் இருக்குதுங்க"ன்னாரு. அது பதிலான்னேன். "இப்போதைக்குச் சூழ்நிலை அப்படிங்க"ன்னாரு. எப்படின்னேன். "பின்னால ஒரு சந்தர்ப்பம் வரும்போது"ன்னாரு. பூசி மெழுகறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா!

"யோவ், ரெண்டுல ஒண்ணு சொல்லித் தொலையேன்யா, இந்தப் புள்ளை பொழப்பு போகுது"ன்னு நான் கத்திட்டேன். தண்டபாணி பூஜை ரூம் பக்கம் ஒரு பார்வை பாத்தாரு. "எனக்கும் புள்ளை குட்டி இருக்குதுங்க்கா"ன்னு கைகூப்பிட்டுக் கீழ போயிட்டாரு.

நான் கடைக்கு வந்த வேகத்துல கம்ப்யூட்டரைப் போட்டு ஒரு மனு அடிச்சேன். வேலைக்குன்னு கூப்பிட்டு உக்கார வெச்சு வேலை வாங்கறாங்க, சேத்துக்கவும் மாட்டேங்கறாங்க, விடவும் மாட்டேங்கறாங்கன்னு அடிச்சு, கோகிலவாணிகிட்டக் கையெழுத்து வாங்கி, தொழிலாளர் ஆபீசுக்கு அனுப்பினேன். கையெழுத்துலயும் பாதிப் பேருதான் விழுந்துச்சு, 'கோகில'ன்னு. பரவால்லைன்னு எடுத்துக்கிட்டாங்க.

ஆபீசர் வந்தது ஆடிக் கடைசி வெள்ளி, மாசம் முடியற தறுவாய். பேரு மெஹருன்னிசா, வெயில்ல பஸ் மாறி வந்த களைப்பு முகத்துல தெரிஞ்சுச்சு. கீழ பூஜை நடக்குது, சாம்பிராணிப் புகை மாடி வரைக்கும் வருது. நானும் மனு அடிச்சவங்கற உரிமையில கோகிலவாணியோட போய் நின்னுக்கிட்டேன். அந்தம்மாவுக்கு ஒரு நாற்காலி போட்டாங்க. "பாத்து உக்காருங்க மேடம், யாராச்சும் சொல்லி அனுப்பறோம்னு சொல்லிடப் போறாங்க"ன்னேன். அவங்க சிரிக்கலை, ஆனா நின்னுக்கிட்டே விசாரிச்சாங்க.

"இவங்கெல்லாம் யாரு?"

"உக்காந்திருக்கறவங்க"ன்னாரு முதலாளி.

"கையில கத்தரி இருக்கே?"

"அது சும்மா, டிரையலுங்க."

"பிசிறு வெட்டின துண்டு எங்க போகுது?"

"கப்பலுக்குத்தானுங்க."

"அப்ப வேலை வாங்கியிருக்கீங்க. டிரையல்னு பேரு வெச்சாலும், பழக்கறோம்னு பேரு வெச்சாலும், வாங்கின வேலைக்குக் கூலி குடுக்கணும். இவங்க உங்க ஆளுங்கதான்னா கத்தரியைக் கையில குடுத்த நாள்ல இருந்து கணக்குப் போடுங்க." அப்புறம் தண்டபாணி பக்கம் திரும்பி, "இந்தம்மாகிட்ட விசேஷம் உண்டான்னு கேட்டீங்களாமே. வந்த ஆம்பளைங்ககிட்டயும் கேட்டீங்களா?"ன்னாங்க.

"ஆம்பளைங்ககிட்ட எப்படிங்க மேடம் கேக்கறது?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். பொம்பளைங்கறதுக்காக ஒரு கேள்வி கேட்டு, அதை வெச்சு வேலை மறுத்தா அது சட்டத்துக்கு ஆகாது. மறுத்தீங்களா?"

"மறுக்கவே மாட்டோமுங்க, அது எங்க வழக்கமே..."ன்னு ஆரம்பிச்சு தண்டபாணி வாயைப் பொத்திக்கிட்டாரு.

முதலாளி மொகம் வேர்த்துப் போச்சு. கூலிக் கணக்கை நெனைச்சுப் பாத்திருப்பாரு. "மேடம், வேலைக்குன்னு நாங்க யாருக்கும் லெட்டர் குடுக்கலைங்க. இவங்க நம்ம ஆளுங்க..."ன்னு ஆரம்பிச்சாரு. அதுக்கு மேல ஒரே ஒரு வார்த்தைதான், அதைச் சொல்லிட்டா கணக்கை எப்படியாச்சும் இழுத்தடிக்கலாம். ஹால்ல கத்தரிச் சத்தம் நின்னு போச்சு. அத்தனை பேரும் அவரு வாயையே பாக்கறாங்க. 'இ'ன்னு உதடு விரிஞ்சுச்சு. கீழ பூஜை மணி அடிச்சுச்சு. உதடு மூடுச்சு. மறுபடி விரிஞ்சுச்சு, மறுபடி மூடுச்சு. எத்தனை புள்ளைங்க வாழ்க்கை அந்த உதட்டுல தொங்கிட்டுக் கெடந்துச்சு, எனக்கு ஓங்கி ஒண்ணு வெக்கலாம் போல இருந்துச்சு.

"இவங்க நம்ம ஆளுங்கதானுங்க"ன்னாரு கடைசியில, அழுகிற குரல்ல.

"நல்லது. அப்ப ஒவ்வொருத்தர்கிட்டயும் சேர்ந்துக்கறாங்களான்னு கேட்டு ஆர்டர் குடுங்க, பாத்துட்டுப் போறேன்"னாங்க மெஹருன்னிசா மேடம்.

முதல்ல உக்காந்தவ கோகிலவாணிதானே, அதனால முதல்ல அவகிட்டத்தான் வந்தாரு தண்டபாணி. குனிஞ்சு, கண்ணாடியைக் கழட்டாம, "அம்மிணி, உங்களை எடுத்தாச்சுங்க. சேந்துக்கறீங்களா?"ன்னாரு.

உக்காந்திருந்தவ கத்தரியைத் துண்டு மேல வெச்சா. "அன்னிக்கு நான் தப்பா ஏதாச்சும் சொன்னேனுங்களா?"ன்னு கேட்டா.

தண்டபாணி முழுங்கப் பாத்தாரு, முழுங்க முடியலை. "எல்லாமே சரியாத்தான் சொன்னீங்கம்மிணி. நான்தான் கேக்கக் கூடாததைக் கேட்டுப்போட்டேன்"னாரு.

அவ என்ற பக்கத்துல நிக்கறவளைப் பாத்தா. கை நீட்டற தூரத்துல வேலை, எத்தனையோ மாசமா எதுக்காகக் காத்துக் கெடந்தாளோ அதே வேலை. என்ற பக்கத்துல இருந்தவ என்ற கையை இறுக்கிப் புடிச்சுக்கிட்டா, வலிச்சுச்சு.

"இல்லீங்க"ன்னா உக்காந்திருந்தவ.

மரியாதையாத்தான் சொன்னா, 'ங்க' போட்டுத்தான் சொன்னா. ஆனா அந்தக் கட்டடம் கட்டின நாள்ல இருந்து கேக்காத வார்த்தை அது. எல்லாருமே பூஜை ரூம் பக்கம் காதைத் தீட்டிக்கிட்டு நின்னோம். லட்சுமி எந்திரிச்சுப் போற கொலுசுச் சத்தம் கேக்கும்னு நெனைச்சோமோ என்னமோ. முதலாளி வேட்டியைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டுப் படியில எறங்கி ஓடினாரு. திரும்பி மூச்சு வாங்க ஏறி வந்தாரு. "இருக்காங்க"ன்னாரு.

அதுக்கப்புறம் ஹால்ல ஒரே சத்தம். டிரைவரு, "சேந்துக்கறேனுங்க"ன்னாரு, அவரோட மீதி கேட்டைத் தாண்டி ஓடி வந்து அதே நாற்காலியில உக்காந்து ஒண்ணாப் போச்சு. அக்கவுன்டன்ட், "இல்லீங்க"ன்னான். டிசைன் பொண்ணு யோசிச்சுச் சொல்றேன்னுச்சு, அதுக்கு இன்னொரு டீ குடுத்தாங்க. முதலாளி ஒவ்வொரு 'இல்லீங்க'வுக்கும் கீழ ஓடி ஓடிப் பாத்துட்டு, அப்புறம் முழங்கால் வலின்னு ஓடறதை விட்டுட்டாரு. கூலி எல்லாருக்கும் வந்துச்சு, இழுத்துப் பறிச்சுத்தான் வந்துச்சு.

உக்காந்திருந்த கோகிலவாணி எந்திரிச்சா. கால் மரத்துப் போயிருந்துச்சு போல, நாற்காலியைப் புடிச்சுக்கிட்டு நின்னா, துப்பட்டாவைச் சரி பண்ணிக்கிட்டா, எங்களைப் பாத்து நடந்து வந்தா. நான் ஒரு தும்மல் போட்டேன், சாம்பிராணிப் புகை. நிமுந்து பாத்தா என்ற பக்கத்துல ஒரு ஆளுதான் நின்னா. ஜெசிந்தா மேடம் கம்பெனி மெசின் அன்னிக்கு மத்தியானமே அவ விரலை முழுசா எடுத்துக்கிச்சு, அதை அவ சாயங்காலம் வந்து சொன்னா. பாதிச் சிரிப்பெல்லாம் போய்ப் பல்லு மொத்தமும் தெரியச் சிரிச்சா.

ஆனா எனக்கு மனசுல நிக்கறது அது எதுவும் கெடையாதுங்க. நாங்க படியெறங்கி வாசலுக்கு வந்தப்ப, தண்டபாணி பின்னாலயே வந்து, பழக்க தோசத்துல, "போயிட்டு வாங்கம்மிணி"ன்னாரு. நம்ம பக்கத்துல வெட்டுக் குத்துன்னு சண்டை போட்டுட்டுக் கிளம்பறவங்ககூட 'வர்றேன்'னுதான் சொல்லிட்டுப் போவாங்க, புள்ளைங்க வாய் தவறி வேற மாதிரிச் சொன்னா நானே வாயில போட்டிருக்கேன். கோகிலவாணி குனிஞ்சு செருப்பை மாட்டினா, நிமுந்து அவரு கண்ணைப் பாத்தா.

"போறேனுங்க"ன்னா.

நான் அதட்டலை.